சுட்ட இடத்தில் புதுத் தோல்

2004-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி. தை வெள்ளிக்கிழமை. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அன்று நல்ல முகூர்த்த நாள். தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு நாங்களும் கிளம்பிக்கொண்டிருந்தோம். தலையில் பூவை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருவில் எல்லாரும் ஒரே திக்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கல்யாண மண்டபம் பத்திண்டு எரியறதாம்!" என்றார் எதிர்வீட்டு மாமா.

"ஐயோ, யாராத்துக் கல்யாணம்?" என்று என் மாமியார் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்மப்பிரியா திருமண மண்டபத்தில் நடந்த அந்தக் கோர விபத்தை நம் வாசகிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாடியில் கீற்றுப் பந்தலின் கீழ் கல்யாணம். வீடியோ எடுப்பதற்காகப் போட்டிருந்த மின்சார இணைப்பில் பொறி கிளம்பிக் கீற்றில் பிடித்துக்கொண்டது. காய்ந்த கீற்று எரிய எத்தனை நேரம் ஆகும்? அத்தனை ஜனமும் இறங்க வழி குறுகல். மாப்பிள்ளையையும் சேர்த்து 50-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அந்த ஒரு வருஷத்தைக் காவிரிக் கரைக்காரர்கள் மறக்க முடியாது.

அப்போது எனக்குப் புரியாத ஒன்று உண்டு. மண்டபத்தில் இருந்து உயிரோடு மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களில் சிலர் இரண்டு நாள், நாலு நாள் கழித்துப் போனார்களே, அது ஏன்? தீதான் அணைந்துவிட்டதே! தீ அணைந்த பிறகும் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஐந்து வருஷம் கழித்து. என் வீட்டுக்குள்ளேயே அந்தப் பாடம் வந்தது.

ஒரு பேஸின் வெந்நீர்

2009-ல் ஒரு வெள்ளிக்கிழமை. என் பெண்ணுக்கு நாலு வயசு. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிப்பாட்டுவதற்காகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்து வந்து அகலமான அலுமினிய பேஸினில் கொட்டினேன். விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். நாலு அடி தூரம்தான். குழந்தை பின்பக்கமாகவே நடந்து விளையாடிக்கொண்டு வந்தவள், பேஸின் விளிம்பு தடுக்கி அப்படியே வெந்நீரில் உட்கார்ந்துவிட்டாள்.

அலறல் கேட்டு நான் திரும்பி அவளைத் தூக்கியது இரண்டு மூன்று விநாடிக்குள் இருக்கும். 70 டிகிரி சூடுள்ள தண்ணீர் குழந்தையின் தோலை ஆழமாகச் சுட ஒரு விநாடியே போதும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. எங்கள் பேஸினில் இருந்ததோ அடுப்பில் இருந்து அப்போதுதான் இறக்கியது.

அடுத்து நான் செய்ததை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வெந்நீரில் ஊறிய ஜட்டியையும் பாவாடையையும் கழற்றாமல் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "தோசை மாவைத் தடவுடி, குளிர்ச்சி!" என்றார் மாமியார். இருவருமாகத் துணியைக் கழற்றி, பாத்திரத்தில் இருந்த மாவை எல்லாம் அப்பினோம். குழந்தை துடித்தாள். இவர் கடையிலிருந்து வந்து, ஆட்டோ பிடித்து, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முக்கால் மணி நேரம்.

அங்கே நர்ஸ் முதலில் செய்த வேலை அந்த மாவைக் கழுவி எடுத்ததுதான். பாதி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கும்போது அவள் கத்திய கத்தல், வெந்நீரில் விழுந்தபோது கத்தியதைவிட அதிகம்.

டாக்டர் திட்டவில்லை. "அம்மா, வீட்டுல குழாய்ல தண்ணி வருதில்ல? அதை இருபது நிமிஷம் ஊத்தியிருந்தா போதும். மருந்தே வேணாம்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எவ்வளவு ஆழம்?

டாக்டர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

நம் தோலில் மேல் தோல், அடித் தோல் என்று இரண்டு அடுக்கு. மேல் தோல் மெல்லிசு. தேய்ந்து தேய்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். அடித் தோல்தான் கனம். ரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், வேர்வைச் சுரப்பி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புண் ஆறும்போது புதுத் தோல் முளைப்பது இந்த மயிர்க்காலைச் சுற்றியும் சுரப்பிகளைச் சுற்றியும் மிஞ்சியிருக்கும் விதைகளிலிருந்துதான். வயலில் மேல் பயிர் கருகினாலும் வேர் இருந்தால் துளிர்க்கும் அல்லவா? அதுபோல.

மேல் தோல் மட்டும் சுட்டால் முதல் நிலை. சிவக்கும், எரியும், கொப்புளம் வராது. ஒரு வாரத்தில் சுவடு தெரியாமல் போய்விடும்.

அடித் தோலின் மேல்பாகம் வரை சுட்டால் கொப்புளம் எழும்பும். உடைந்தால் உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டாலே உயிர் போகும். இது இரண்டாம் நிலை. சுத்தமாக வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். அதிலேயே ஆழமாகப் போனது என்றால் வெளுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், வலி குறைவாக இருக்கும். ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், தடித்த வடுவும் விழும்.

முழுத் தோலும் வெந்துபோவது மூன்றாம் நிலை. வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, தோல் பை மாதிரி விறைத்திருக்கும். தொட்டால் வலிக்காது! நரம்பும் எரிந்துவிட்டதே! "குழந்தை அழல்லே, அதனால பெரிசா ஒண்ணுமில்லே" என்று நாம் ஆறுதல் அடையும் இடம்தான் ஆபத்தான இடம். இங்கே விதையே மிஞ்சவில்லை. மிகச் சிறிய புண்ணானால் ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடும்; பெரிய புண்ணை அப்படி மூடவே முடியாது. அங்கேதான் தோல் ஒட்டு.

என் பெண்ணுக்கு எல்லாம் கலந்து இருந்தது. ஆழமாகச் சுட்டது எங்கே தெரியுமா? ஜட்டியின் எலாஸ்டிக் இருந்த இடுப்பு வளையத்தில். சூட்டைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஈரத் துணிதான். பிறகு வலது தொடையின் பின்பக்கம், முழங்கால் மடிப்பு வரை.

எவ்வளவு பரப்பு?

ஆழத்தோடு பரப்பையும் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு 'ஒன்பது' கணக்கு: தலை 9 சதவிகிதம், கை ஒவ்வொன்றும் 9, மார்பும் வயிறுமாக முன்பக்கம் 18, முதுகு 18, கால் ஒவ்வொன்றும் 18, மர்ம ஸ்தானம் 1. குழந்தைகளுக்குத் தலை பெரிசு, கால் சிறிசு என்பதால் கணக்கு மாறும். வீட்டில் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னும் சுலபமான அளவு உண்டு. காயம் பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ 1 சதவிகிதம். குழந்தைக்குக் குழந்தையின் கையளவு; நம் கையளவு அல்ல.

என் பெண்ணுக்கு 14 சதவிகிதம் என்றார்கள். குழந்தைக்கு 10-க்கு மேல் போனாலே ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும்.

தீ அணைந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது அங்கே படுக்கையோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. தோல் என்பது நம் உடம்பின் மதில். அது போனால் உள்ளிருக்கும் நீர் எல்லாம் கசிந்து வெளியேறுகிறது, உடம்பே வீங்குகிறது. அதனால்தான் முதல் காரியமாக டிரிப் ஏற்றுகிறார்கள். அதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. பெரியவர்களானால் எடையை எரிந்த சதவிகிதத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்க வேண்டும். 50 கிலோ உள்ள பெண்ணுக்கு 30 சதவிகிதம் என்றால் முதல் 24 மணி நேரத்தில் 6 லிட்டர். அதில் பாதி, காயம் பட்ட நேரத்திலிருந்து எட்டு மணிக்குள் ஏறியாக வேண்டும். இது தோராயக் கணக்கு. சிறுநீர் போகும் அளவைப் பார்த்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார். தாமதித்துப் போனால் சிறுநீரகம் நின்றுவிடும். இதைத் தாண்டினால் கிருமி. மதில் இல்லாத ஊருக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? மூடிய இடத்தில் தீப்பிடித்தால் இன்னொன்றும் சேர்கிறது: சுடு புகை உள்ளே போய்த் தொண்டையும் மூச்சுக்குழாயும் வீங்குகிறது. கல்யாண மண்டபத்திலிருந்து மீட்டவர்கள் சிலர் நாட்கள் கழித்துப் போனதற்கும் இவைதான் காரணமாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த மதிலைத் திரும்பக் கட்டுவதுதான் தோல் ஒட்டு. ஆனால் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை!

நான் செய்த இரண்டாவது தப்பு

பன்னிரண்டாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். "முதுகெல்லாம் நல்லா ஆறிட்டு வருது. இடுப்புலயும் தொடையிலயும் தானா மூடாது. முன் தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டிடலாம்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே பாதி உடம்பு புண். மிச்சமிருக்கும் நல்ல தொடையையும் அறுப்பதா? பெண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? "தானே ஆறும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இவர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை.

வீட்டில் ஒன்பது நாள். புண் ஆறவில்லை; சிவந்து மேலே மேலே வளர்ந்தது, வாடை வந்தது. வலிக்குப் பயந்து குழந்தை காலை மடக்கியே வைத்திருந்தாள். நீட்டச் சொன்னால் அழுகை. "மடக்கினா வலிக்கலையாம், விடு" என்று விட்டுவிட்டோம். பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும்தான் ஆகாரம். குழந்தை இளைத்துப் போனாள்.

இருபதாம் நாள் எங்கள் தெருக்கோடி மாமி பார்க்க வந்தார். எப்போதும் முழுக்கை ரவிக்கை போடுகிறவர். நான் அதைக் கவனித்ததே இல்லை. குழந்தையின் காலைப் பார்த்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். ரவிக்கைக் கையை இரண்டு பக்கமும் மேலே சுருட்டினார்.

"1983-ல பம்ப் ஸ்டவ் வெடிச்சுது. ரெண்டு கையும் வெந்துடுத்து. இதோ இது ஒட்டின கை. இது ஒட்டாத கை."

வலது கையில் தோல் கொஞ்சம் நிறம் மாறி, வலை போட்டாற்போல் கோடு கோடாக இருந்தது. ஆனால் நன்றாக நீட்டினார், மடக்கினார். இடது கை முழங்கையில் மடிந்தபடியே நின்றது. தோல் கயிறு மாதிரி திரண்டு இழுத்துப் பிடித்திருந்தது. எவ்வளவு முயன்றாலும் பாதிக்கு மேல் நீளாது.

"வலது கைக்கு ஒட்டினா. அது ஆறினதும் இடது கைக்குன்னு சொன்னா. நான்தான் வலி தாங்கலேன்னு ஓடி வந்துட்டேன். இருபத்தாறு வருஷமா ஒத்தக் கையாலதான் கோலம் போடறேன், ஒத்தக் கையாலதான் தளிகை பண்றேன். உன் பொண்ணு நடக்க வேண்டாமாடி?"

அன்று சாயங்காலமே மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோலை எப்படி ஒட்டுகிறார்கள்?

"என் தோலை எடுத்துக்கோங்கோ டாக்டர். குழந்தையைத் தொடாதேங்கோ" என்று அழுதேன். எந்தத் தாயும் இதைத்தான் கேட்பாளாம். டாக்டர் சொன்னார்: "உங்க தோலை வச்சா அழகாப் பிடிக்கும். ரெண்டு மூணு வாரத்துல உடம்பு அதை அந்நியம்னு தெரிஞ்சுக்கிட்டுத் தள்ளிடும். அவளோட தோல்தான் அவளுக்கு நிலைக்கும்." ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்றால் மட்டும் விதிவிலக்கு.

அறுப்பது என்று நான் நினைத்துப் பயந்தது தப்பு. சீவுவது என்பதுதான் சரி. மயக்க மருந்து கொடுத்து, தொடையிலிருந்து காகிதம் போல மெல்லிசாக, ஒரு மில்லி மீட்டரில் கால் பங்கு கனத்துக்கு இதற்கென்று உள்ள கருவியால் சீவி எடுக்கிறார்கள். அடித் தோலின் பெரும் பாகம் அங்கேயே தங்கிவிடுவதால், எடுத்த இடம் சிராய்ப்பு ஆறுவதுபோல இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். எடுத்த தோலில் சல்லடைபோலச் சின்னச் சின்னக் கண் போடுகிறார்கள். இதனால் இரண்டு லாபம். தோல் விரிந்து கூடுதல் இடத்தை மூடும். அடியில் கசியும் நீரும் தேங்காமல் வெளியேறும். மாமியின் கையில் நான் பார்த்த வலைக் கோடு இந்தக் கண்களின் சுவடுதான். முகம், விரல் போன்ற இடங்களுக்குக் காதின் பின்புறத்திலிருந்தோ தொடை இடுக்கிலிருந்தோ முழுக் கனத் தோலை எடுத்து ஒட்டி, எடுத்த இடத்தைத் தைத்துவிடுவதும் உண்டு.

ஒட்டின தோல் முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரைக் குடித்தே உயிர் வாழ்கிறது. அதற்குள் கீழிருந்து புது ரத்தக் குழாய்கள் துளிர்த்து வந்து அதனோடு சேர வேண்டும். அந்த நாட்களில் தோல் நகரக் கூடாது. அடியில் ரத்தமோ சீழோ தங்கக் கூடாது. அதனால் காலை நீட்டி வைத்துக் கட்டி, அசையாமல் கிடத்தினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாருங்கம்மா, பிடிச்சிருச்சு" என்றார் டாக்டர். ரோஜா நிறத்தில், ஈரப் பளபளப்போடு இருந்தது. அதுவரை தோலை அழகென்று பார்த்திருக்கிறேனே தவிர, அது உயிர் என்று பார்த்ததில்லை.

இந்த வைத்தியம் நமக்குப் புதிதும் அல்ல. அறுந்த மூக்குக்குக் கன்னத் தோலை எடுத்து ஒட்டும் முறையைச் சுசுருதர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தான் காலத்துப் போரில் மூக்கை இழந்த காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே பக்கத்து வைத்தியர் நெற்றித் தோலால் மூக்கு அமைத்த சேதி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வந்து, வெள்ளைக்கார டாக்டர்களே பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். இது தோலை முழுக்க வெட்டி எடுக்காமல் ஒரு பக்கம் ஒட்டியபடியே திருப்பி வைக்கும் முறை. தனியாக எடுத்த மெல்லிய தோலைப் புண்ணின் மேல் பதிக்கும் முறையை 1869-ல் பாரிஸில் ரெவெர்டின் என்ற டாக்டர் செய்து காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை

சகோதரிகளே, ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டின தோலும் வடுவும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்வரை சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்துத் தினமும் போராட வேண்டியது தாய்தான்.

இரவில் காலை நீட்டி வைக்க ஸ்பிளின்ட் கட்டினோம். பகலில் பிசியோதெரபி. அளவெடுத்துத் தைத்த இறுக்கமான அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குளிக்கவும் எண்ணெய் தடவவும்தான் கழற்றலாம். ஒட்டின தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வறண்டு வெடிக்கும். புண் முழுதும் மூடிய பிறகு தினம் நாலைந்து தடவை தேங்காய் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்தேன். அரிப்பு தாங்காமல் ராத்திரியில் அழுவாள். அதற்கு மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். ஒரு வருஷம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கருத்துவிடும்.

ஆகாரப் பத்தியத்தை டாக்டர் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். புண்ணை மூடத் தோல் நெய்ய வேண்டும். நெய்ய நூல் வேண்டும். அந்த நூல்தான் புரதம். பருப்பு, பால், தயிர், சுண்டல், பன்னீர், வேர்க்கடலை எல்லாம் வழக்கத்தைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் முட்டை கொடுக்கலாம். கூடவே நெல்லி, கொய்யா, கீரை.

இவ்வளவு செய்தும், நான் வீணாக்கிய அந்த ஒன்பது நாளுக்கு விலை இருந்தது. முழங்கால் மடிப்பில் தோல் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நின்றது. ஒன்பது வயதில் அவள் உயரமாக வளர்ந்தபோது, ஒட்டின தோல் கூட வளராமல் இன்னும் இழுத்தது. அந்த இடத்தைத் தளர்த்தி மறுபடியும் ஓர் ஒட்டு போட வேண்டியதாயிற்று. "அப்பவே செஞ்சிருந்தா ஒருவேளை இது வேண்டியிருக்காது" என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தோல் வங்கி

14 சதவிகிதம் என்பதால் என் பெண்ணின் தோலே அவளுக்குப் போதுமாக இருந்தது. பாதி உடம்புக்கு மேல் வெந்தவர்களுக்கு எடுக்கத் தோல் எங்கே இருக்கிறது? அவர்களுக்குத் தற்காலிகக் கூரையாக இறந்தவர்களின் தோலை வைக்கிறார்கள். டாக்டர் சொன்ன அந்த இரண்டு மூன்று வாரம் இங்கே உயிர் காக்கும் அவகாசம். நீர் வடிவதும் கிருமி நுழைவதும் வலியும் குறையும். அதற்குள் அவர்களுடைய தோலே கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகும்.

இதற்கென்று மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 2000-ல் தோல் வங்கி தொடங்கினார்கள். நம் கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனையிலும் ஒன்று இருக்கிறது. கண் தானம் போலத்தான் இதுவும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய ஏடு மட்டும் சீவுகிறார்கள். ரத்தம் ஒழுகாது, உருவம் கெடாது. துணி சுற்றிவிட்டால் தெரியவே தெரியாது. முக்கால் மணி நேர வேலை. ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. கிளிசரினில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் ஐந்து வருஷம்வரை இருக்கும்.

தெருக்கோடி மாமி தன் பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறார். "கண்ணை எடுத்துண்டா எடுத்துக்கட்டும். தோலும் கேட்டா குடு. வலது கைத் தோலை மட்டும் விட்டுடச் சொல்லு, அது ஏற்கெனவே ஒட்டுப் போட்டது!" என்று சிரிக்கிறார்.

மறக்காமல் இருக்க...

* சுட்டதும் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். உடனே முடியாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. குழந்தையானால் மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.
* மாவு, மசி, டூத் பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
* வெந்நீர் பட்ட துணியை உடனே கழற்றுங்கள். எரிந்து ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள்.
* சுத்தமான பருத்தித் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-ஐ அழையுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மர்ம ஸ்தானம் இவற்றில் பட்டாலும், மின்சாரம், ஆசிட் ஆனாலும், புகை குடித்திருந்தாலும் பரப்பு சின்னதானாலும் போயே ஆக வேண்டும்.
* புடவையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். படுத்து உருளுங்கள். பார்க்கிறவர் தண்ணீரை ஊற்றலாம், கனத்த போர்வையைச் சுற்றலாம்.
* முந்தானையால் பாத்திரம் இறக்கும் பழக்கத்தை விடுங்கள். இடுக்கி எதற்கு இருக்கிறது? கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் குழந்தைகளுக்குப் பருத்தி உடுப்பே போடுங்கள். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.
* கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும்போது சமையல்கட்டையும் ஏ.சி.யையும் மட்டும் பார்க்காதீர்கள். இறங்க இரண்டு வழி இருக்கிறதா, மேலே கீற்று இருக்கிறதா, ஒயர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஸ்ரீரங்கத்துக்காரி சொல்கிறேன், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

என் பெண் இப்போது காலேஜில் படிக்கிறாள். சைக்கிளில்தான் போகிறாள். போன மார்கழியில் வாசலில் உட்கார்ந்து பெரிய கோலம் போட்டுவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்தாள். தெருக்கோடி மாமி தன் வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் குளியலறையில் அன்றிலிருந்து ஒரே சட்டம்தான். பேஸினில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். இந்தக் கட்டுரையில் வேறு எல்லாவற்றையும் மறந்தாலும், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுச் சகோதரிகள் இந்த ஒன்றை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.